மூன்றாவது ஜன்னலில் நீலச் சட்டை

என் பெயர் அஞ்சலை. எனக்கு எழுபத்தெட்டு வயது. எத்தனை பேரை வளர்த்தாய் என்று கேட்டால் இரண்டு கணக்குச் சொல்ல வேண்டும். வயிற்றில் சுமந்து வளர்த்தது மூன்று பேர். வாசலில் உட்கார்ந்து வளர்த்தது வருஷத்துக்கு நாற்பது பெண்கள். அரியலூரில் ஒரு பெண்கள் விடுதியில் ஆயாவாகச் சேர்ந்து, பெரம்பலூரில் இன்னொரு விடுதியில் ஓய்வு பெற்றேன். மொத்தம் எத்தனை பெண்கள் என்று பெருக்கிப் பார்க்க எனக்கு வராது. ஆனால் ஒருத்தியைக்கூட நான் தொலைத்ததில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ் போர்டில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் கிடையாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி யாழினி எழுதுகிறாள். சொன்னதை எழுது, அழகுபடுத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுதக் காரணம் தனம். பெரம்பலூரில் நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவள் அவள். போன மாதம் போன் செய்தாள். விடுதிப் பெண் ஒருத்தி போனில் நாலு வரிக் கவிதை எழுதி வைத்தாளாம். அதை அவளுடைய சித்தப்பா பார்த்துவிட்டு, அது யாருக்கு எழுதியது என்று சொல்லச் சொல்லி விடுதி கேட் முன்னால் நிற்கிறாராம். “பயமா இருக்குதுக்கா. ஒங்க காலத்துல இதெல்லாம் கெடையாது, நீங்க குடுத்து வச்சவங்க” என்றாள்.

எங்கள் காலத்தில் போன்தான் கிடையாது. கவிதையும் இருந்தது, பயமும் இருந்தது. அன்றைக்கு அவளிடம் சுருக்கமாகச் சொன்னேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றப் போன இடத்தில் இறந்துபோனார். அப்போது என் கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கவில்லை. யாரோ பரிதாபப்பட்டு விடுதியில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த கிழவி வேலை கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்தது என்ன, என்னைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, “ஆளப் பாக்கறதுக்கு முன்னால கையப் பாரு” என்றாள். அவ்வளவுதான் படிப்பு. மற்றதெல்லாம் வார்டன் அம்மாவிடம் கற்றது.

வார்டன் அம்மா பெயர் லூர்துமேரி. ஏலாக்குறிச்சிப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னக் கரை போட்ட வெள்ளைப் புடவைதான் எப்போதும். சின்னப் பெண்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். குரல் இறங்க இறங்க நாங்கள் ஒவ்வொருத்தராக நழுவிவிடுவோம். யாராவது வந்து கத்தினால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர் கத்திக்கொண்டே இருப்பார், அம்மா துடைத்துக்கொண்டே இருப்பார். வந்தவர் கத்தி ஓய்ந்த பிறகுதான் கண்ணாடி மூக்குக்குப் போகும். அதற்குப் பிறகுதான் அம்மா பேசுவார்.

பெண்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் வரலாம். ஆண்களுக்குப் புங்கமரத்தடி பெஞ்சு வரைக்கும் அனுமதி. அம்மா, அக்கா என்று வருகிற பெண்கள் சாப்பாட்டு ஹால் வாசல்படி வரைக்கும் வரலாம். கொண்டுவந்த பையைப் பெஞ்சில் வைத்து நான் பிரித்துப் பார்க்க வேண்டும். முறுக்கு இருக்கும், அதிரசம் இருக்கும், ஊறுகாய் இருக்கும். பார்த்து மூடிய பிறகு, கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை ஒரு தட்டுத் தட்டி, பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். தபாலுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அம்மா யார் தபாலையும் பிரிக்க மாட்டார். யாருக்கு வந்ததோ அவளைக் கூப்பிட்டு, அவளையே பிரிக்கச் சொல்லி, எதிரில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார். மறைக்கிறவளுக்குக் குரல் தடுமாறும். அதற்கு மேல் அம்மா ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது.

அந்த நாளில், எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், கவிதை ஒரு காய்ச்சல் மாதிரி பரவியது. காலேஜ் பையன்கள் தாடி வைத்துக்கொண்டு, ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினார்கள். கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரிக்கு வராத கூட்டம் கவியரங்கத்துக்கு வந்தது. நான் பெண்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருத்தன் மைக்கில் ஒரு வரி சொல்வான். கூட்டம் மொத்தமும் “இன்னொரு தடவ” என்று கத்தும். அவன் அதையே மறுபடி சொல்வான். எனக்கு அதில் பாதி புரியாது. இருட்டில் என் பெண்களின் தலையை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் பெண்களும் சும்மா இல்லை. குளியலறைச் சுவரில் கரித்துண்டால் எழுதினார்கள். அரிசி புடைக்க உட்கார்ந்தால் முறத்தில் விரலால் எழுதினார்கள். எல்லாவற்றிலும் ஒரு ‘நீ’ உண்டு. நீ வரவில்லை, நீ பார்க்கவில்லை, நீ சிரித்தாய். யார் அந்த நீ என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டது. வேலிக்கு வெளியேயிருந்து பையன்கள் கல்லில் கவிதையைச் சுற்றி எறிவார்கள். ஒரு தடவை கல் என் தோளில் விழுந்தது. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா காகிதத்தைப் பிரித்துப் படித்தார். “நெலாவ மூணு எடத்துல வச்சிருக்காரு. ஒண்ணு போதும்” என்று சொல்லி அடுப்பில் போடச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அம்மா ஒரு புது வழக்கம் வைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால், எழுதினவர்கள் ஹாலில் எழுந்து நின்று படிக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் பார்த்தேன். “ஒளிச்சு எழுதுனாத்தான் பயம், அஞ்சல. சோத்துக்கு முன்னால நின்னு படிச்சா அது பாடம் மாதிரி ஆயிடும்” என்றார். அப்படித்தான் ஆனது. நான் சாம்பார் வாளியோடு நிற்பேன், ஒருத்தி உயிர் உருகப் படிப்பாள், மற்றவர்கள் தட்டைத் தட்டுவார்கள்.

அதில் ஒருத்தி வசந்தா. டீச்சர் டிரெயினிங் படித்தாள். ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டு ஊர். அப்பா இல்லை, இரண்டு அண்ணன்கள். மற்றப் பெண்கள் பத்திரிகைக்கோ ரேடியோவுக்கோ எழுதி அனுப்பினால் புனைபெயர் போடுவார்கள். நிலா என்பாள் ஒருத்தி, தென்றல் என்பாள் ஒருத்தி. வசந்தா மட்டும் போட மாட்டேன் என்றாள். “நான் எழுதுனதுக்கு எதுக்குக்கா இன்னொருத்தி பேரு?” என்றாள். நானும் தலைநிமிர்ந்து நடக்கிறவள்தான், அதனால் அவளை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அன்றைக்கு, ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சி ரேடியோவில் அவள் கவிதையைப் படித்தார்கள். ஹாலில் நாற்பது பெண்களும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கவிதை இன்றைக்கும் மனப்பாடம்.

கடைசிப் பஸ்ஸும் வந்துவிட்டது
மூன்றாவது ஜன்னலில்
உன் நீலச் சட்டை இல்லை
எல்லோரும் இறங்கிவிட்டார்கள்
நான் மட்டும்
காத்திருந்து இறங்கிக்கொண்டேயிருக்கிறேன்

படித்து முடித்து, அவள் பெயரையும் அவள் ஊர்ப் பெயரையும், எங்கள் விடுதியில் தங்கிப் படிப்பதையும் சொன்னார்கள். பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் உப்புமாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் இப்படிக் காற்றில் போகலாமா, எந்த எந்தக் காதில் விழும் என்று இருந்தது.

விழ வேண்டிய காதில் விழுந்தது. அவள் ஊர் டீக்கடையில் ரேடியோ இருந்தது. அங்கே அவளுடைய பெரிய அண்ணன் கலியமூர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்களுக்கு அது தெரியாது. அந்த வாரம் வியாழக்கிழமை நான் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். எல்லாக் கடையிலும் ஒரே பேச்சு. உரக்கடையில் மூட்டை இறக்குகிற பையனை முதல் நாள் சாயங்காலம் யாரோ பஸ்ஸை மறித்து இறக்கி அடித்துவிட்டார்களாம். ஜெயங்கொண்டம் போகிற கடைசிப் பஸ். கை முறிந்துவிட்டது. வசந்தாவை எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். அவன் எந்த வசந்தா என்று கேட்டிருக்கிறான். அதற்கும் அடி. “எவளோடயோ பழக்கம் போலருக்கு” என்று கத்தரிக்காய்க்காரி சிரித்தாள். எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான் என்று கேட்டேன். வழக்கமாக உட்காருகிற இடம்தானாம், மூன்றாவது ஜன்னல். சட்டை என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். அம்மா கேட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார். நான் பேசி முடித்து வெகுநேரம் ஆகியும் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வசந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார். “யாரும்மா அது?”

“யாருமில்லம்மா.”

நான் நம்பவில்லை. சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். என் பிள்ளைகள் மேல் சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன், யார் என்று சொல்லு, அவனையாவது ஊரைவிட்டுப் போகச் சொல்லலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை.

“யாருமே இல்லக்கா. எழுதறப்ப ஒருத்தரு வேணுமேன்னு வச்சேன். பஸ்ஸு வேணும்னு பஸ்ஸு வச்சேன். நீலச் சட்ட இல்லன்னுதானேக்கா எழுதியிருக்கேன். இல்லாத ஆளப் போயி எப்படிக்கா தேடிப் புடிச்சாங்க?”

அவளை நம்பினேன். நம்பிய பிறகு பயம் இன்னும் கூடியது. ஒருத்தன் இருந்தால் இவன்தான் என்று காட்டிவிடலாம். இல்லாதவனை எப்படி இல்லை என்று காட்டுவது? ஜெயங்கொண்டம் பஸ்ஸில் மூன்றாவது ஜன்னல் தினமும் வரும். நீலச் சட்டை ஊர் முழுக்க இருக்கிறது. அண்ணன்கள் வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போனால் பரீட்சை போய்விடும். பரீட்சை போனால் போகட்டும், முந்திரிக்காட்டில் என்ன செய்வார்களோ.

ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸுக்கு வந்தார்கள். கலியமூர்த்தி, சின்ன அண்ணன் பன்னீர், அவர்களுடைய அம்மா. நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் கையைத்தான் பார்த்தேன். கலியமூர்த்தி கையில் ஒரு மஞ்சப் பை. பையின் அடி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.

வழக்கப்படி, பையைப் பெஞ்சில் வையுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தயங்கினார். அவருடைய அம்மா, “குடு தம்பி, பாப்பாவுக்குத்தான” என்று பையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டார். மேலே ஒரு பொட்டலம், வறுத்த முந்திரிப்பருப்பு, இன்னும் சூடு இருந்தது. அதற்குக் கீழே துண்டில் சுற்றி ஒரு கொடுவாள். முந்திரிக் கிளை கழிக்கிற கொடுவாள். அந்தத் தாய்க்கு அது தெரியாது. துண்டு விலகியதும் அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்துகொண்டேன்.

வார்டன் அம்மா வந்து பக்கத்தில் நின்றார். கொடுவாளைப் பார்த்தார். “தோட்டத்துச் சாமான் போலருக்கு. உள்ள வைங்க அஞ்சல. கெளம்பறப்ப வாங்கிக்குவாங்க” என்றார். நான் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போன தூரம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பன்னீர் கத்திக்கொண்டிருந்தார். டீக்கடையில் உட்கார முடியவில்லை என்றார், ஊரே சிரிக்கிறது என்றார், எங்கள் வீட்டுப் பெண் எவனுக்காகவோ பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றார், இதைத்தான் இங்கே படிக்க வைக்கிறீர்களா என்றார். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் கலியமூர்த்தி கத்தவில்லை. “பொண்ணக் கூப்புடுங்க. பொட்டியோட” என்று மட்டும் சொன்னார். கத்துகிற பன்னீரைவிட இவரிடம்தான் எனக்குப் பயம்.

கண்ணாடி மூக்குக்குப் போனது. “கூப்புடறேன் தம்பி. அதுக்கு முன்னால இந்தப் பெஞ்சுல கொஞ்ச நேரம் ஒக்காருங்க. காதால கேளுங்க. அப்பறம் ஒங்க இஷ்டம்.” குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதேயில்லை.

தண்டவாளத்தைத் தட்டச் சொன்னார். பெண்கள் ஹாலுக்கு வந்தார்கள். ஹாலின் ஜன்னல்கள் புங்கமரத்தைப் பார்த்துத்தான் இருக்கும். எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னார். பெண்களிடம் சொன்னார்: இன்றைக்கு வியாழக்கிழமை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இஷ்டம் இருக்கிறவர்கள் மட்டும் படிக்கலாம். படிக்காதவர்களை நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

ஒருத்தியும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? அவர்கள் எல்லோருக்கும் அண்ணன் தம்பி இருக்கிறார்கள். இங்கே ஒரு வார்த்தை வெளியே போனால் எந்த ஊர் டீக்கடைக்குப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? சுவரோரம் நின்றிருந்த வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

செட்டிகுளத்துப் பெண் காமாட்சி எழுந்தாள். எப்போதும் வாயாடுகிறவள், அன்றைக்கு ஜன்னலைப் பார்க்காமல் படித்தாள்.

உன் குடைக்குள் இடமில்லை என்றாய்
பரவாயில்லை
பாதி மழை எனக்கு

யாரும் தட்டைத் தட்டவில்லை. அடுத்தவள் எழுந்தாள். அவள் கவிதையில் பட்டாளத்துக்காரன். அதற்கடுத்தவள் கவிதையில் சைக்கிள் மணி. ஒருத்தி கவிதையில் புல்லாங்குழல். முதல் வருஷப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே படித்தாள், அழுகையில் அவளுடைய ‘நீ’ என்ன செய்தான் என்றே எனக்குக் காதில் விழவில்லை. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் படித்திருப்பார்கள். நான் ஹால் வாசல்படியில், அந்தத் தாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பன்னீர் எழுந்திருப்பதும் உட்காருவதுமாக இருந்தார். பெரியவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் தலை நிமிர்ந்தால் என்ன ஆகுமோ என்று அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என் புடவையைத் தொட்டார். “ஏந் தாயி, இந்தப் புள்ளைவொளுக்கெல்லாம் ஆளு இருக்கா?”

“ஒருத்திக்கும் இல்லம்மா. எழுதறதுக்கு ஒரு ஆளு வேணுமாம்” என்றேன்.

அவர் படியைவிட்டு இறங்கிப் பெஞ்சுக்குப் போனார். மூத்த மகன் முன்னால் நின்றார்.

“ஏண்டா, கள வெட்டையில நான் பாடாத மாமனா? செவத்த மாமன், சந்தக்கிப் போன மாமன், வளவி வாங்கியாந்த மாமன். ஒங்கப்பன் வரப்புல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருப்பாரு. அவுரு எந்த மாமனத் தேடிக்கிட்டுப் போனாரு?”

உள்ளே படித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். பன்னீர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கலியமூர்த்தி தலை நிமிர்ந்தார். அவர் தன் தாயைப் பார்க்கவில்லை. வார்டன் அம்மாவைப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பையன்?”

“அவரு ஒங்க தங்கச்சிய ஒரு தடவகூடப் பாத்ததில்ல தம்பி” என்றார் அம்மா. “ஒடஞ்சது வலது கை. மூட்ட எறக்கற கை. இப்ப இந்தக் கொடக்காரன, சைக்கிள்காரன எல்லாம் எந்தப் பஸ்ஸுல தேடுவீங்க?”

கலியமூர்த்தி தன் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். பெரிய கை. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்த கை.

கையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “படிக்கட்டும். எழுதணும்னாலும் எழுதட்டும். ரேடியோவுலயோ பத்திரிகையிலயோ அது பேரும் ஊருப் பேரும் வரக் கூடாது. இன்னொரு தடவ வந்துச்சின்னா எனக்கே என் மேல நம்பிக்கையில்ல.”

அது மிரட்டல் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அப்படிக் குளிரெடுத்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, “வசந்தா?” என்றார். அவள் சம்மதம் என்று தலையசைக்கிற வரைக்கும் நான் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது கலியமூர்த்தி என்னிடம் உரக்கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் கையில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் சொன்னேன். இன்றைக்குப் பூட்டியிருக்கும் என்றும் சொன்னேன். “நாளைக்கி வரேன்” என்றார். அந்தப் பையனின் கைக்கட்டை அவிழ்க்கிற வரைக்கும் அவனுக்குப் பதிலாக இவர் வந்து மூட்டை இறக்கினார் என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. பையனின் கை பழையபடி வந்ததா என்று எனக்குத் தெரியாது. கொடுவாளை அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பல வருஷம் அதில்தான் பூசணிக்காய் பிளந்தேன்.

அதற்குப் பிறகு வசந்தா எழுதவில்லை. வியாழக்கிழமைகளில் எல்லோரோடும் உட்கார்ந்து தட்டைத் தட்டுவாள், எழுந்து நிற்க மாட்டாள். ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒங்க பேரக் குடுங்க.”

“எம்பேர வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற?”

“நெலா, தென்றல்னு வச்சிக்க எனக்குப் புடிக்கல. மனுசப் பேரா இருக்கணும். ஒங்க பேரு ரேடியோவுல வந்தா யாராவது கொடுவா எடுத்துக்கிட்டு வருவாங்களா?”

நான் யோசித்தேன். வீட்டுக்காரர் இல்லை. பெற்றவர்கள் இல்லை. கொழுந்தன் இருக்கிறார், பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காதவர். யாரும் வர மாட்டார்கள். அதை வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் பயந்தேன். புருஷன் இல்லாதவள் பெயரில் கவிதை வந்தால் ஊர் என்ன பேசும்? வார்டன் அம்மாவிடம் போனோம். கண்ணாடி துடைக்கப்பட்டது. “அஞ்சலதான் எழுதறாங்கன்னு யாரு சொன்னாலும் இந்த ஊருல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இதவிட நல்ல பூட்டு கெடையாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கக் கூடாது” என்றார்.

கொடுத்தேன். அரியலூர் அஞ்சலை என்று போட்டுக்கொண்டாள். ரேடியோவில் வந்தது, பத்திரிகையில் வந்தது. ஒரு நாள் கொழுந்தனே கேட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்தவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அண்ணி, இந்த ஊருல ஒங்க பேருல இன்னொருத்தி இருக்கா. கவித எழுதறாளாம். ஜாக்கிரதயா இருங்க, ஒங்க பேரு கெட்டுப்போவும்” என்று எச்சரித்துவிட்டுப் போனார். சரிங்க தம்பி, பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

எனக்குத் தபால்கூட வந்தது. யாரோ ஒருவர் என்னைப் பெண் பெயரில் எழுதுகிற ஆண் என்று நினைத்து, அன்புத் தோழர் அஞ்சலை அவர்களுக்கு என்று எழுதியிருந்தார். விடுதி வழக்கப்படி யாருக்கு வந்ததோ அவர்தான் பிரித்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, “படிங்க அஞ்சல” என்றார். நான் பிரித்தேன், வசந்தா படித்தாள், அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வசந்தா பரீட்சை எழுதினாள். பெரம்பலூர்ப் பக்கம் டீச்சரானாள். கல்யாணம் செய்துவைத்தார்கள். சில வருஷம் அரியலூர் அஞ்சலை எழுதினாள். அப்புறம் எழுதவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் எனக்குப் போன் செய்வாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள், மூட்டு வலியைப் பற்றிப் பேசுவாள். ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்டதில்லை. என்ன பதில் வருமோ என்று பயம்.

தனம், உன் கேட்டில் நிற்கிற சித்தப்பாவை என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் ஒரு பெஞ்சு இருந்தது, திறக்கிற ஜன்னல் இருந்தது, களை வெட்டும்போது பாடிய ஒரு தாய் இருந்தார். உன்னிடம் என்ன இருக்கிறது என்று பார். முதலில் கையைப் பார்.

என் பெயரில் முதன்முதலில் வந்த கவிதையை மட்டும் கடைசியில் போடச் சொல்லியிருக்கிறேன். அதை என்னிடம் படித்துக் காட்டியபோது, இதில் அந்த ‘நீ’யே இல்லையே என்று வசந்தாவிடம் கேட்டேன். “இந்தத் தடவ யாரையும் வைக்கலக்கா” என்றாள். என் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவள் எந்த நேரத்தில் பார்த்தாள்?

வாசல் பூட்டியிருக்கிறது
சாவி என் இடுப்பில்
உள்ளே நாற்பது பேர் தூங்குகிறார்கள்
வெளியே யாருமில்லை
யாருமில்லாத அந்த இடத்தைத்தான்
விடிய விடியக் காவல் காக்கிறேன்
                    – அரியலூர் அஞ்சலை

போதும் யாழினி, பேனாவை வை. மேலேருந்து ஒரு தடவ மெதுவாப் படிச்சுக் காட்டு. கவித வந்ததும் அவசரப்படாத. கீழ இருக்கற பேரையும் சேத்துப் படி.